கிறிஸ்மஸ் மரக் காட்டுக் கிணறு

புரொண்பி
2 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் என்ர நம்பரை புளொக் பண்ணி பத்து மாதமாகுது. அண்ணிக்கு எடுத்தால் "அவர் தோட்டத்துக்குள்ள நிக்கிறார்" எண்டுறா. ஜனவரிப் பனிக்குள்ளயும் தோட்டத்துக்குள்ள தான் நிண்டீங்களாம். அதால தான் கடிதம் எழுதுறன். தபால்காரனை நீங்கள் புளொக் பண்ண ஏலாது.

நான் செய்ததை முதல்ல எழுதுறன். எழுதாமல் மற்றதுக்குப் போகக் கூடாது.

போன வருசம் மே மாதம் கொம்யூன் கந்தோர் ஆக்கள் உங்கட கிணத்துத் தண்ணியைச் சோதிச்சு, குளோரோபோம் இருக்கு, குடிக்க வேண்டாம் எண்டு கடிதம் போட்டவை. நான் இருபது வருசமாய் தண்ணி சோதிக்கிற லாப்பில வேலை செய்யிறதால நீங்கள் என்னைக் கூப்பிட்டனீங்கள். வந்தன். உங்கட குசினியில கொம்யூன்காரர் இருந்தவர். உங்களோட கிணத்தைப் பங்கு போடுற பக்கத்து வீட்டு பிர்கிட்டும் இருந்தவ. அவையளுக்கு முன்னால, டெனிஷில, "உங்கட ட்றை கிளீனிங் கடை மூடேக்க மிஞ்சின கெமிக்கலை எங்க ஊத்தினீங்கள்?" எண்டு கேட்டன். ஊத்தினீங்களோ எண்டு கூட இல்லை. எங்க ஊத்தினீங்கள் எண்டு.

நீங்கள் எழும்பினீங்கள். என்ர ஜக்கெற்றை எடுத்துக் கையில தந்தீங்கள்.

போன கிழமை எங்கட லாப்புக்கு லீனே எண்டு ஒரு பொம்பிளை வந்து பேசினவ. மண்ணை ஆராயிறவ. மத்தியானச் சாப்பாட்டு நேரம், எல்லாரும் பாணைச் சாப்பிட்டுக்கொண்டு கேட்டனாங்கள். உங்கட யூலண்டுப் பக்கம் ஊசியிலைக் காடுகளுக்குக் கீழ இருக்கிற தண்ணியில குளோரோபோம் கண்டிருக்கினமாம். ஆரும் ஊத்தாமலே. காட்டு மண் தானே அதை உண்டாக்குதாம். நான் பாணைத் தட்டில வைச்சிட்டன். உங்கட வேலிக்கு அங்கால கண்ணுக்கு எட்டின தூரம் கிறிஸ்மஸ் மரக் காடு தானே.

பேச்சு முடிய லீனேயிட்டைப் போய் உங்கட கிணத்தைப் பற்றிச் சொன்னன். வந்து பாக்கலாம் எண்டவ. காட்டுக்குள்ளயும் உங்கட வளவுக்குள்ளயும் மெல்லிசுக் குழாயள் இறக்க வேணும். நீங்கள் ஓம் எண்டு ஒரு சொல் எழுதினால் காணும்.

தங்கச்சி
மேரிகிறேஸ்


ஹேர்னிங்
16 மார்ச் 2025

மேரிகிறேஸ் அறிய,

கடிதம் வந்தது. அண்ணி தான் உடைச்சு வாசிச்சவ. நான் கேட்டுக்கொண்டு இருந்தன்.

மிஞ்சின கெமிக்கல் ஒன்பது கான். கழிவு நிலையத்தில குடுத்து துண்டு வாங்கினனான். அந்தத் துண்டு இப்பவும் லாச்சிக்குள்ள கிடக்கு. நீ அதைக் கேக்கேல்லை.

இஞ்ச எங்கட கிராமத்து மண்டபத்தில மாதம் ஒருக்கால் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுறது உனக்குத் தெரியும். கொம்யூன் கடிதம் வந்த அடுத்த மாதம் நான் கோழிக்கறி கொண்டு போனன். என்ர சட்டியில ஒருத்தரும் கரண்டி போடேல்லை. மூடின சட்டியை மூடினபடி தூக்கிக்கொண்டு வந்தனாங்கள். அண்ணி காருக்குள்ள அழுதவ. பிறகு போறேல்லை.

காடு நஞ்சு செய்யும் எண்டு இப்ப சொல்லுறாய். காடு என்ன, உன்ர முகத்தைக் காப்பாத்தவோ?

குழாயை இறக்கு. வளவுக்குள்ளயும் இறக்கு. ஒண்டும் வராது எண்டு எனக்குத் தெரியும்.

ஸ்ரிபன்


புரொண்பி
30 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

சட்டியைப் பற்றி நீங்கள் எழுதினதை ரெயினில வாசிச்சன். இறங்க வேண்டிய இடத்தை விட்டிட்டு ரெண்டு ஸ்ரேசன் தள்ளிப் போய் இறங்கினன்.

காடு என்ன செய்யுது எண்டு எனக்கு விளங்கின மட்டும் எழுதுறன்.

வடகடலில இருந்து வாற மேல்காத்து உப்பைக் கொண்டு வருது. புயலுக்குப் பிறகு உங்கட கார்க் கண்ணாடியில வெள்ளையாய்ப் படியுமே, அது தான். உப்பில பாதிக்கு மேல குளோரின். கிறிஸ்மஸ் மரம் வருசம் முழுக்க ஊசியோட நிக்கிறதால காத்தில வாற உப்பை மற்ற மரங்களை விடக் கூடப் பிடிக்கும். மழை அதைக் கழுவி மண்ணுக்க விடும். அதுக்குப் பிறகு அது ஒண்டோடும் ஒட்டாமல் நேர கீழ போயிடும் எண்டு தான் இவ்வளவு காலமும் நாங்கள் நினைச்சது. தண்ணி மண்ணுக்குள்ளால எவ்வளவு கெதியாய்ப் போகுது எண்டு அளக்கவே லாப்பில அதைத் தான் பாக்கிறனாங்கள்.

ஆனா அது அப்பிடி லேசில போறேல்லை. மண்ணில இருக்கிற காளானும் கண்ணுக்குத் தெரியாத கிருமியளும் அதில ஒரு பங்கைப் பிடிச்சு, உக்கின ஊசியளோட சேத்துக் கட்டிவிடுது. வருசக்கணக்காய் அங்கயே கிடக்கும். இன்னொரு பங்கை வேர் உறிஞ்சி மேல கொண்டு போகும். ஊசி விழேக்க அது திரும்ப நிலத்துக்கு வரும். மண்ணில கட்டுப்பட்டதில சொட்டுப்போல குளோரோபோமாய் மாறும். அதில கன பங்கு காத்தோட போயிடும். மிச்சம் மழைத்தண்ணியோட உங்கட கிணத்துக்கு இறங்கும்.

நீங்கள் கடையில பாவிச்சது பேர்க்குளோர். அதுவும் குளோரின் சேர்ந்தது தான், ஆனா வேற சாமான். கொம்யூன் அனுப்பின சோதனைத் தாளை இப்பத் தான் முழுக்க வாசிச்சன். பதினாலாம் வரி பேர்க்குளோருக்கு. அதில ஒண்டுமில்லை எண்டு போட்டிருக்கு. அண்டைக்கு உங்கட குசினி மேசையில அந்தத் தாள் என்ர முழங்கைக்குக் கீழ தான் கிடந்தது. இப்பிடித் தாள் வாசிக்கிறது தான் என்ர வேலை. நான் முதல் பக்கத்தோட நிப்பாட்டிப் போட்டன். கடை எண்டு நினைச்ச உடன என்ர மனம் முடிவெடுத்திட்டுது.

இதுக்கு மன்னிப்புக் கேக்கிறன் அண்ணை. காடு குற்றவாளியோ இல்லையோ, பதினாலாம் வரி எனக்கு முன்னால இருந்தது.

ஏப்ரல் பதினைஞ்சு, செவ்வாய்க்கிழமை வருவம். லீனேயும் நானும், துளை போட ஹோர்சன்ஸில இருந்து கபிலன் எண்டு ஒருத்தரும்.

மேரிகிறேஸ்


ஹேர்னிங்
24 ஏப்ரல் 2025

தங்கச்சி அறிய,

பெரிய வெள்ளிக்கு முதல் எழுத நினைச்சது, முழங்கால் நோவில தள்ளிப் போச்சுது. ஈஸ்ரர் பூசைக்கு ஹேர்னிங் ரவுணுக்குப் போய் வந்தனாங்கள்.

நீங்கள் வந்த அண்டைக்கு நான் யன்னலுக்குப் பக்கத்தில தான் நிண்டனான். நீ பூட்ஸ் போட்டுக்கொண்டு, சேற்றுக்குள்ள முழங்காலில நிண்டு குழாயைப் பிடிச்சுக்கொண்டிருந்தாய். நாலு மணித்தியாலம். பிறகு சாமானை ஏத்திக்கொண்டு போயிட்டாய். வந்த பிள்ளை கதவைத் தட்டேல்லை. நான் திறந்திருக்க மாட்டன் எண்டது வேற கதை. தட்டியிருக்கலாம்.

அந்தக் கபிலன் தட்டினவர். வாளி ஒண்டு வேணுமாம். குடுத்தன். போகாமல் நிண்டார்.

"ஐயா தான் ஹேர்னிங்கில ட்றை கிளீனிங் வைச்சிருந்தனீங்களோ?"

சரி, இவனும் தொடங்கப் போறான் எண்டு நினைச்சு, "ஓம். அதுக்கென்ன?" எண்டன்.

"இந்தக் கோட்டில கிறீஸ் பட்டு மூண்டு வருசம். எல்லாம் போட்டுப் பாத்திட்டன். போகுமோ எண்டு கேக்கத் தான்."

ஒரு வருசமாய் ஒருத்தரும் என்னட்டை உடுப்பைப் பற்றிக் கேக்கேல்லை. கோட்டைக் கழட்டித் தாரும் எண்டன். குசினி மேசையில விரிச்சு, பாத்திரம் கழுவுற சோப்பும் சுடுதண்ணியும் மெல்லிசுத் துணியும் தான். அரை மணித்தியாலத்தில கறை போயிட்டுது. அவர் பனியனோட நிண்டு அண்ணியின்ர மீன் பற்றிஸ் ஆறு சாப்பிட்டார். நல்ல மனுசன். காலைத் துடைச்சுப்போட்டு உள்ள வந்தவர்.

குழாயளில தாள் கட்டியிருக்கிறியள். கிழமைக்கு ஒருக்கால் மண்ணுக்குள்ள இருக்கிற காத்தை எடுக்க வேணும் எண்டு போட்டிருக்கு. அதுக்கு கோப்பன்ஹேகன் பக்கத்தில இருந்து ஆர் கிழமைக்குக் கிழமை வாறது? எனக்கு வேலிக்கு அங்கால இருபது அடி.

அண்ணை
ஸ்ரிபன்


புரொண்பி
11 மே 2025

அன்புள்ள அண்ணைக்கு,

பார்சல் ஒண்டு வரும். உள்ளுக்க ஊசி போடுற சிறிஞ்ச் பத்து, மூடி இறுக்கின சின்னக் கண்ணாடிக் குப்பியள் நூறு, ஒரு கொப்பி. குழாயின்ர வாயில சிறிஞ்சைப் பூட்டி, முதல் இழுக்கிற காத்தை வெளியில விடுங்கோ. ரெண்டாவதாய் இழுக்கிறதைத் தான் குப்பிக்குள்ள விட வேணும். குழாய் நம்பரையும், அண்டைக்கு மழையோ வெயிலோ எண்டதையும் கொப்பியில எழுதுங்கோ. லீனேயிட்டை என்ர அண்ணை செய்வார் எண்டு சொன்னன். "நம்பலாமோ?" எண்டவ. "முப்பது வருசம் ஆக்களின்ர கலியாணக் கோட்டுகளைப் பொறுப்பெடுத்தவர்" எண்டன்.

முதல் நாள் எடுத்ததின்ர முடிவு வந்திட்டுது. உங்கட வளவுக்குள்ள இருக்கிற நாலு குழாயிலயும் வெளிக்காத்தில இருக்கிறதை விடக் கூட ஒண்டுமில்லை. காட்டுக்குள்ள உள்ளதில இருக்கு. ஏழாம் நம்பரில நிறைய. அந்தப் பாசி படிஞ்ச பள்ளத்தில இறக்கினது. கபிலன் தான் அந்த இடத்தைக் காட்டினவர், கம்பி இறங்கிற விதத்தைப் பாத்து உக்கினது தடிப்பாய் இருக்கு எண்டவர். நிலத்தடித் தண்ணி காட்டுப் பக்கத்தில இருந்து உங்கட பக்கம் தான் ஓடுது எண்டும் கபிலன் அளந்து பாத்தவர்.

ஆனா கொம்யூனுக்கு இது காணாது. ஒரே நாள் அளவு எண்டு சொல்லுவினம். கோடை முழுக்க எடுக்க வேணும். அதோட கிணத்துத் தண்ணியை வெளிநாட்டு லாப் ஒண்டுக்கு அனுப்பியிருக்கிறம். குளோரோபோமுக்குள்ள இருக்கிற கரிமத்தில பாரம் கூடினதும் குறைஞ்சதும் எண்டு ரெண்டு இருக்கு. மரம் இலை உக்கி வந்ததில அது ஒரு விகிதத்தில இருக்கும். தொழிற்சாலையில செய்ததில வேற விகிதம். அதை ஒருத்தரும் மறுக்க ஏலாது.

கதவைத் தட்டாதது பயத்தில. அடுத்த முறை தட்டுறன்.

கபிலன் கோட்டைப் போட்டுக்கொண்டு திரியிறார். ஹோர்சன்ஸில எல்லாருக்கும் காட்டினவராம்.

மேரிகிறேஸ்


ஹேர்னிங்
6 ஜூலை 2025

அன்புத் தங்கச்சிக்கு,

எட்டுக் கிழமை, பன்ரெண்டு குழாய், ஒரு குப்பியும் பழுதாகேல்லை. கொப்பியின்ர நகல் இதோட இருக்கு. எழுத்தைக் குறை சொல்லாதை, முழங்காலில வைச்சு எழுதினது.

நீ அனுப்பின முடிவுகளையும் என்ர கொப்பியையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தன். மழை பெய்து ரெண்டு மூண்டு நாளில வெக்கை வந்தால் ஏழாம் நம்பர் ஏறுது. காய்ஞ்சு கிடந்தால் இறங்குது. குளிரான கிழமையில சோம்பிக் கிடக்குது. உயிருள்ள ஏதோ தான் இதைச் செய்யுது எண்டு லீனேயிட்டைச் சொல்லு. அவவுக்கு முதலே தெரிஞ்சிருந்தால், எனக்கும் தெரியும் எண்டு சொல்லு.

இருபத்தி மூண்டு வருசம் இந்தக் காட்டுக்குப் பக்கத்தில இருந்திருக்கிறன். நாயைக் கூட்டிக்கொண்டு கூட உள்ள போனதில்லை. இப்ப ஞாயிறு பூசை முடிஞ்சு வந்த உடன சப்பாத்து மாத்திறன். அண்ணி கதிரையொண்டு தூக்கிக்கொண்டு பின்னால வாறா. அவ ஜெபமாலை சொல்லுறா, நான் காத்து இழுக்கிறன்.

போன கிழமை பிர்கிட் ரெண்டு குதிரையையும் கூட்டிக்கொண்டு காட்டு வழியால வந்தவ. மஞ்சள் காளான் பிடுங்க வந்திருக்கிறா. நான் நிலத்தில குந்திக்கொண்டு சிறிஞ்சோட இருக்கிறன். "என்ன செய்யிறாய் ஸ்ரிபன்?" எண்டவ. பதினாலு மாதத்துக்குப் பிறகு முதல் கதை. நீ எழுதினதை என்ர டெனிஷில சொன்னன். கடல், காத்து, ஊசி, காளான். அவ கையில இருந்த காளானைப் பாத்தா, என்னைப் பாத்தா. "காடு செய்யுதெண்டோ?" எண்டு கேட்டுப்போட்டு நடந்தவ. நம்பேல்லை. ஆனா காளானில பாதியை என்ர வாளிக்கு மேல வைச்சிட்டுப் போயிருக்கிறா.

எங்கட கிராமத்துச் சிவப்புத் தபால் பெட்டியைக் கழட்டிக்கொண்டு போயிட்டினம். இனி ஹேர்னிங் கடையில தான் கடிதம் குடுக்க வேணும். உன்ர நம்பரைத் திறந்து விட்டிட்டன். எண்டாலும் எழுது. நீ கதைக்கேக்க பாதி டெனிஷ். எழுதேக்க முழுக்கத் தமிழ்.

இன்னொண்டு. உன்ர போன கடிதத்தில கபிலன் எண்ட பேர் மூண்டு இடத்தில வருது. அண்ணி எண்ணிப் பாத்தவ. பதினெட்டு வருசத்துக்கு முதல் நான் மாப்பிள்ளையாய்ப் பேசிக் கொண்டு வந்த மூண்டு பேரையும் வேண்டாம் எண்டனி. அதுக்குப் பிறகு நான் வாய் திறந்ததில்லை. இப்பவும் திறக்கேல்லை. அண்ணி எண்ணினவ, அவ்வளவு தான்.

அண்ணை


புரொண்பி
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

வெள்ளிக்கிழமை மத்தியானம் வெளிநாட்டு லாப்பில இருந்து முடிவு வந்தது. லீனே என்னைக் கூப்பிட்டு, தன்ர கதிரையில இருத்திப்போட்டு, திரையைக் காட்டினவ. உங்கட கிணத்தில இருக்கிற குளோரோபோமும், ஏழாம் நம்பர் குழாயில இருந்து நீங்கள் எடுத்த காத்தில இருக்கிறதும், அந்த உக்கின ஊசி மண்ணும் ஒரே விகிதம். தொழிற்சாலைச் சாமானின்ர விகிதம் எங்கயோ தூரத்தில நிக்குது.

காடு தான் அண்ணை. முழுக்கக் காடு தான்.

லாப்பில என்னைச் சுத்தி ஆக்கள் நிண்டினம். நான் மேசையில தலையை வைச்சுச் சிரிச்சன். சிரிப்போ அழுகையோ எண்டு லீனேக்கு விளங்கேல்லை. தண்ணி கொண்டு வந்து தந்தவ. அறிக்கை திங்கக்கிழமை கொம்யூனுக்குப் போகுது. அதில கடைசிப் பக்கத்தில, மாதிரிகளை எடுத்தவர் எண்டு உங்கட முழுப்பேர் இருக்கு. நான் கேக்கேல்லை. லீனே தானாய்ப் போட்டவ.

இனி மற்றது. அண்ணி எண்ணினது சரி.

கபிலனுக்கு அம்பத்தொரு வயது. மனுசி செத்து ஏழு வருசம், பிள்ளையள் இல்லை. ஊர் சாவகச்சேரி. ஏப்ரலுக்குப் பிறகு ரெண்டு கிழமைக்கு ஒருக்கால் ஏதாவது ஒரு குழாயைப் பாக்க வேணும் எண்டு புரொண்பிக்கு வாறார். புரொண்பியில குழாய் ஒண்டும் இல்லை. போன மாதம் கடற்கரையில நடக்கேக்க கேட்டவர். யோசிச்சுச் சொல்லுறன் எண்டன். எனக்கு யோசிக்க ஒண்டுமில்லை, விருப்பம் தான். அவர் சைவ சமயம். ஹேர்னிங் பிள்ளையார் கோவில் திருவிழாவில தண்ணிப்பந்தல் போடுறவர். நீங்கள் ஈஸ்ரருக்கு ஒரு மாதத்துக்கு முதலே வெள்ளைச் சேட் ஸ்திரி போடுற ஆள். அப்பாவும் அம்மாவும் இல்லாத எனக்கு நீங்கள் தான் கேக்க வேண்டிய ஆள். ஒருக்கால் கேக்கக் கூடாததைக் கேட்டு உங்களை இழந்தனான். இதை எப்பிடிக் கேக்கிறது எண்டு தெரியாமல் தான் ரெண்டு மாதமாய்க் கடிதம் எழுதேல்லை.

மேரிகிறேஸ்


ஹேர்னிங்
14 செப்டெம்பர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

கொம்யூன் கடிதம் வந்திட்டுது. எங்கட காணியில நடத்தின விசாரணை முடிவு, மாசுபடுத்தினதுக்கு ஒரு சான்றும் இல்லை. குளோரோபோம் இயற்கையாய் உண்டானது, இயற்கையானதுக்கெண்டு வைச்ச எல்லைக்குள்ள நிக்குது, தண்ணி குடிக்கலாம், வருசத்துக்கு ரெண்டு தரம் சோதிக்க வேணும். அண்ணி கடிதத்தை மாதா படத்துக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறா. நான் குழாயைத் திறந்து ஒரு கோப்பை நிறையத் தண்ணி பிடிச்சு, நிண்ட நிலையில குடிச்சன். பிறகு இன்னொரு கோப்பை. வயிறு ஊதிப்போச்சுது.

பிர்கிட்டுக்கும் அதே கடிதம் போயிருக்கு. மூண்டாம் நாள் காலமை வாசலில நிண்டவ. தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சிருந்தவ. எழுபத்தி ரெண்டு வயது மனுசி.

"நான் உன்ர படலையைத் தாண்டிப் பதினாறு மாதம் நடந்திருக்கிறன், ஸ்ரிபன்."

"குதிரையும் தான்" எண்டன்.

"குதிரையள் நிக்கப் பாத்ததுகள். நான் தான் இழுத்துக்கொண்டு போனன்."

அதுக்கு மேல எனக்குக் கோவம் வைச்சிருக்க ஏலாமல் போச்சுது. உள்ள கூப்பிட்டன். கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி. குடிச்சிட்டு, ஒக்டோபர் நாலாந்திகதி மண்டபச் சாப்பாட்டுக்கு நான் தான் சமைக்க வேணும் எண்டு கேட்டவ. ஓம் எண்டன். எழுபது பேர்.

ஒரு நிபந்தனை உனக்கு. அண்டைக்கு டெனிஷில கேட்டனி. அதையும் டெனிஷில தான் தீர்க்க வேணும். மண்டபத்தில, ஆக்களுக்கு முன்னால, எழும்பி நிண்டு சொல்லு. நான் குசினிக்குள்ள நிப்பன்.

மற்ற விசயம். வாசிச்சன். அண்ணியும் வாசிச்சவ. பதில் பிறகு. முதல் சமையல் முடியட்டும்.

அண்ணை


புரொண்பி
6 ஒக்டோபர் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் குசினிக் கதவைச் சாத்திப்போட்டு நிண்டதால என்ன நடந்தது எண்டு எழுதுறன். கதவுக்குப் பின்னால காதை வைச்சுக்கொண்டு தான் நிண்டவர் எண்டு அண்ணி சொன்னவ. பரவாயில்லை, கேக்காதது போல வாசியுங்கோ.

பிர்கிட் கரண்டியால கிளாசைத் தட்டினவ. நான் எழும்பினன். எழுதிக்கொண்டு வந்த தாள் ரெயினிலயே தேத்தண்ணி ஊத்துப்பட்டு நனைஞ்சு போச்சுது. அதால வாயில வந்ததைச் சொன்னன். "போன வருசம் மே மாதம் என்ர அண்ணையின்ர குசினியில, அவர் நஞ்சை எங்க ஊத்தினவர் எண்டு நான் கேட்டனான். அவர் ஊத்தேல்லை. அது அப்பவே எனக்கு முன்னால இருந்த தாளில இருந்தது. நான் வாசிக்கேல்லை. நீங்கள் ஒருத்தரும் அவரைக் குற்றம் சொல்ல முதல் நான் சொன்னனான். நீங்கள் நம்பினது என்னை." அதுக்குப் பிறகு காட்டைப் பற்றி ஐஞ்சு நிமிசம் சொன்னன். கடல் உப்பில இருந்து தொடங்கி. 

பின்வரிசையில ஒரு வயசான கமக்காரர் கை தூக்கினவர். "அப்ப நாங்கள் கொம்யூனில காட்டுக்கு எதிராய் முறைப்பாடு குடுக்கலாமோ?" எண்டு கேட்டவர். மண்டபமே சிரிச்சது. பிர்கிட் சொன்னவ, "உன்ர தாத்தாக்கள் தானே நட்டவை. உன்னைத் தான் பிடிக்க வேணும்." அந்தச் சிரிப்புச் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும், ஏனெண்டால் அப்பத் தான் நீங்கள் கதவைத் திறந்துகொண்டு பெரிய சட்டியோட வந்தீங்கள்.

எல்லாரும் எழும்பி வரிசைக்கு வந்தினம். முதல் ஆளாய் அந்தக் கமக்காரர். நீங்கள் அவருக்கு ரெண்டு கரண்டி போட்டீங்கள், அவர் தட்டை எடுக்காமல் நிண்டார், மூண்டாவதும் போட்டீங்கள்.  நான் சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில நிண்டு பாத்தன். நீங்கள் என்ர பக்கம் திரும்பாமல், "சோத்தை வடிவாய்ப் போடு, பிள்ளை, அள்ளிக் கொட்டாதை" எண்டீங்கள். என்னைப் பிள்ளை எண்டு வாயால கூப்பிட்டுப் பதினேழு மாதம். நான் அள்ளிக் கொட்டினன்.

மற்ற விசயத்துக்குப் பதில் வரேல்லை. கபிலன் அண்டைக்கு எழுபது கதிரையையும் அடுக்கினதைக் கண்டிருப்பீங்கள்.

மேரிகிறேஸ்


ஹேர்னிங்
19 ஒக்டோபர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

கதிரையைக் கண்டனான். ஒழுங்காய்த் தான் அடுக்கினவர்.

பதில் எழுதச் சுணங்கினதுக்குக் காரணம், எனக்கு விசாரிக்க வேண்டியிருந்தது. பங்குத்தந்தையிட்டைப் போனன். சைவ மாப்பிள்ளை எண்டால் பிஷப்பின்ர மேற்றிராசனத்தில அனுமதி எடுக்கலாம், படிவம் இருக்கு எண்டவர். படிவத்தைக் கொண்டு வந்தன். பிறகு, என்ர அறுபது வருசத்தில முதல் தரமாய், பிள்ளையார் கோவிலுக்குப் போனன். வாசலில சப்பாத்தை எங்க வைக்கிறது எண்டு தெரியாமல் நிண்டன். கனகசபை எண்டு ஒருத்தர், கோவில் வேலையளைப் பாக்கிறவர், கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில இருத்தினவர். கபிலனைப் பற்றிக் கேட்டன். "தண்ணிப்பந்தலில முதல் வந்து கடைசியாய்ப் போறவன்" எண்டவர். அது காணும் எனக்கு. வடை தந்தவை. உளுந்து வடிவாய் அரைபட்டிருந்தது.

உன்னட்டை ஒண்டு சொல்ல வேணும். நீ கேட்ட கேள்வி என்னை நோகப் பண்ணினது உண்மை. ஆனா பத்து மாதம் போனை எடுக்காமல் விட்டது நான். அந்தப் பத்து மாதத்தில நீ ஒரு கிழமைக்கு ஒருக்கால் அண்ணிக்கு எடுத்து நான் சாப்பிட்டனோ எண்டு கேட்டிருக்கிறாய். அண்ணி இப்பத் தான் சொன்னவ. நானும் வாசிக்காமல் விட்ட வரி இருக்கு.

பூசை எங்கட வேதக் கோவிலில, தாலி பிள்ளையார் கோவிலில. எது முதல் எண்டதை நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்கோ, நான் ரெண்டு இடத்திலயும் உனக்குப் பக்கத்தில நடப்பன். தவக்காலம் கழிய வேணும். அதால ஈஸ்ரர் முடிஞ்சு ரெண்டாம் சனி, ஏப்ரல் பதினெட்டு. எங்கட கிராமத்து மண்டபத்தை எடுத்திட்டன். உன்னைக் கேக்கேல்லை. பிழை எண்டால் எழுதி அனுப்பு, ஆனா பிர்கிட் கொப்பியில பேனையால எழுதிப்போட்டா, இனி அழிக்க ஏலாது.

எத்தினை பேர் எண்டு கேட்டவ. எங்கட பக்கம் நூறு, ஹோர்சன்ஸ் பக்கம் அறுபது, கிராமம் எழுபது எண்டன். மண்டபம் நூற்றி இருபது பேருக்குத் தானே ஸ்ரிபன் எண்டவ. அப்ப வெளியில புல்லில மேசை போடுவம், ஏப்ரலில குளிரும் தான், குளிரட்டும் எண்டு சொல்லிப்போட்டு வந்தன்.

அண்ணை
ஸ்ரிபன்